அயலைச் சுட்ட கை

மழை ஓய்ந்து, கூரைகளினின்று நீர் சொட்டச் சொட்ட, கீழ்வானம் வெளுத்து, பல்கலைக்கழகக் கட்டடங்கள் ஒவ்வொன்றாய் இருள் களைந்து துலங்கிய வைகறையில், அன்பரே, விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் மட்டும் விளக்கெரிந்தது. அன்று மாலை பணி நிறைவு பெறவிருந்த பேராசிரியை, விழாவில் காட்டவென ஒவ்வொன்றிலும் சொந்தத் தோல்துண்டும் அயற்புழுவின் தோல்துண்டும் ஒட்டி வளர்த்த சேற்றுப்புழுக்களைக் காணக் கணவருடன் வந்திருந்தார்.

உயிர்கள் தத்தம் உடலைக் காக்கும் வகைகளை ஒப்பிட்டு ஆராய்வதே அவர்தம் வாழ்நாட்பணி. அப்புழு தன் தோலை ஏற்கும், பிறிதொரு புழுவின் தோலைக் கருக்கித் தள்ளும், ஆதலின் எலும்பிலா எளிய உயிரும் அயலை அறியும் என்பது அவர் நாட்டிய கொள்கை. அதனை நம்பியே மாணவர் பலர் பட்டமும் பதவியும் பெற்றிருந்தனர்.

தட்டைத் திறந்தவர் திடுக்கிட்டார். எல்லாப் புழுக்களிலும் சொந்தத் தோல் கருகிக் கிடந்தது. அயல் தோலோ செக்கச்செவேலென உயிர்த்திருந்தது. ஐயகோ, அவர் நாட்டிய கொள்கைக்கு நேர்மாறு!

"தட்டு ஏதும் மாறிப்போச்சா?" என்றார் கணவர்.

"இல்லீங்க, வரிசைதான் மாறிச்சு. எப்பவும் சொந்தத் தோலை முதல்ல வெப்பேன். அப்புறம் இடுக்கியை எரிசாராயத்துல முக்கிட்டு அயல் தோலை வெப்பேன், ஒண்ணோட ஒண்ணு கலந்துடக் கூடாதுன்னு. இந்தத் தடவை தோல் குடுக்கிற புழு வாடுதேன்னு அயல் தோலை முந்தி வெச்சேன், முக்கின இடுக்கியால சொந்தத் தோலைப் பிந்தி வெச்சேன்." கருகிய தோலைச் சுட்டிக்காட்டினார். "சாராயம் பட்டதுதாங்க கருகுது. இடுக்கியை நான் உலரவிட்டதே இல்ல."

"கழுவின தட்டையே திரும்பக் கழுவுறவளாச்சே நீ!" என்று சிரிக்க முயன்று தோற்றார் அவர். "மூடி வெச்சுடும்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுடுச்சேங்க."

மாலையில் புகழுரைகள் முடிந்தபின், அவர் மேடையில் அத்தட்டைத் திறந்து, நிகழ்ந்ததை ஒளியாது உரைத்தார். "என்னை நம்பி நீங்களும் இடுக்கியை நனைத்தீர்கள். பிழை என்னுடையது," என்றார். முன்வரிசையில் அமர்ந்திருந்த அவருடைய முதல் மாணவர், இன்று துறைத்தலைவர், பேயறைந்தாற்போல் வெளுத்தார்.

புழு அயலை வெறுத்ததை மெய்யாகக் கண்டோர் எவரும் இல்லை, அன்பரே. தூய்மை பேணிய கை அயலைச் சுட்டது. சுட்ட வடுவைப் புழுவின் குணமென்று ஒரு தலைமுறையே ஓதிற்று.