இடது கை லட்சுமி

சென்னையில் ஓவியப் பேராசிரியராக இருந்த தனுஷ்கோடியிடம், வகுப்பையே கலகலக்க வைக்கிற கதை ஒன்று இருந்தது. கல் அச்சுப் பாடத்தின்போது சொல்வார். கல்லில் எதையும் இடம் வலம் மாற்றித்தான் வரைய வேண்டும். அப்போதுதான் தாளில் சரியாக விழும். "சிவகாசியில என்கூட வேலை பார்த்த பெத்தணன் ஒருநாள் அதை மறந்துட்டான். பட்டாசு லேபிள்ல லட்சுமி இடது கையால ஆசீர்வாதம் பண்ணிட்டா!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மறந்தது பெத்தணன் இல்லை. சாட்சாத் இவரேதான்.

அது 1953, தீபாவளி சீசன். கட்டுக் கட்டாக லேபிள் அடித்து முடித்த பிறகுதான் முதலாளி கண்ணில் பட்டது. "எவம்லே வரைஞ்சது?" என்று குதித்தார். தனுஷ்கோடி ஓர் அடி பின்னால் நகர்ந்தான். அவனைச் சென்னை ஓவியப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தவர் அந்த முதலாளிதான். பக்கத்தில் நின்ற பெத்தணன், "நான்தான் மொதலாளி" என்றான். அன்றோடு அவனிடமிருந்து, கல்லில் வரைகிற மைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடித்து முடித்த படங்களைக் கல்லிலிருந்து மணல் போட்டுத் தேய்த்து அழிக்கிற வேலைக்குத் தள்ளினார்கள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அதே அச்சகத்துக்கு வந்தார் பேராசிரியர். அடடா, அந்த மை வாசம்! வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார். சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தை அவரும் பெத்தணனும் பங்கு போட்டதும், "எண்ணெய்க் கையோட கல்லைத் தொடாதலே, கறை பிடிச்சிரும்" என்று ஒருவரையொருவர் மிரட்டியதும் நேற்று நடந்ததுபோல் இருந்தது. அப்படி ஒரு காலம் இனி வருமா?

"ஏலே தனுஷ்கோடி!" உள்ளேயிருந்து ஓடிவந்தான் பெத்தணன். அதற்குள் தலை நரைத்திருந்தது. "எல்லாரும் சாப்பிட்டீகளா? இங்கன வந்து உக்காருங்க."

"பெத்தணா!" என்று பேராசிரியர் கூப்பிட்டார். பேரைக் கேட்டதும் காசிராஜன் என்ற மாணவன் துள்ளினான். "இடது கை லட்சுமியை வரைஞ்சது நீங்கதானே ஐயா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெத்தணன் தனுஷ்கோடியை ஒருமுறை பார்த்தான். "ஆமா தம்பி, நான்தான்" என்றான். இரண்டாவது தடவையாக.

பேராசிரியர் மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டார். பாவி, இன்னும் எத்தனை தடவை இவன் தலையில் கட்டப் போகிறாய்?

"இல்லப்பா. வரைஞ்சது நான். இவன் என் பழியை ஏத்துக்கிட்டான். நான் உங்ககிட்ட வருஷா வருஷம் பொய் சொல்லியிருக்கேன்."

மேஜையிலிருந்த மைக்குச்சியை எடுத்துப் பெத்தணனிடம் நீட்டினார். "நீ வரைலே. பிள்ளைக பாக்கட்டும்."

பெத்தணன் வேண்டாம் என்றுதான் சொன்னான். ஆனாலும் ஆசை யாரை விட்டது? புதுக் கல்லின் முன்னால் உட்கார்ந்து, ஆசீர்வதிக்கிற கை ஒன்றை, கல்லுக்கு வேண்டியபடியே இடது கையாக, வரையத் தொடங்கினான். முறை மறக்கவில்லை. விரல்தான் கேட்கவில்லை. மணல் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன விரல்கள். கோடு நடுங்கிக்கொண்டே போய்க் கோணலாக நின்றது.

பெத்தணன் சிரித்தான்.

"விடுலே. தேய்ச்சிட்டாப் போச்சு" என்று மணல் சட்டிக்குக் கையை நீட்டினான்.

தனுஷ்கோடி அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.