பச்சை மையில் ஒரு விருப்ப ஓய்வு

உலகத்திலேயே ரிடையர் ஆகத் தெரிந்த ஒரே பிறவி தமிழ்நாடு அரசு ஊழியன்தான். மற்ற தேசத்துக்காரன் எல்லாம் ஒரு நாள் வேலைக்குப் போவதை நிறுத்திக்கொள்கிறான். அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்து ஊரை ஏமாற்றுகிறான்.

கோதண்டம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. சேரப்பணஞ்சேரி பஸ் நிறுத்தத்தில், எல்லப்பன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தீர்ப்புச் சொல்கிற தோரணையில் சொன்னார். தாலுகா ஆபீசில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிவிட்டு, 1991 மார்ச் முப்பத்தொன்றாம் தேதி தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர் அவர். ஆள் உயர மாலை, ஜரிகை சால்வை, ஆபீஸ் ஜீப்பில் வீட்டு வாசல் வரைக்கும் ஊர்வலம், கூடவே அன்பளிப்பாக ஒரு சாய்வு நாற்காலி. இவ்வளவும் வாங்கிக்கொண்ட மனிதன் அப்புறம் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டாலும் அந்த மாலைக்கு அவமரியாதை என்பது அவர் கட்சி.

"வெள்ளக்காரன் ரயிலு வுட்டான், பாலங் கட்டினான், எல்லாஞ் சரி. ஆனா ரிடையராவறது எப்டின்னு அவனுக்குத் தெரியுமா, எல்லப்பா?"

"தெர்லியே சார்" என்றான் எல்லப்பன், டம்ளர் கழுவிக்கொண்டே.

"எம் பக்கத்து வூட்ல வந்து பாரு. தெரிஞ்சிக்குவ."

பக்கத்து வீட்டில் இருந்தவர் நார்மன் துரை. இங்கிலாந்தில் நாற்பது வருடம் இஞ்சினியர். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனிக்கு மெஷின் மாட்டிக் கொடுக்க மூன்று மாதம் வந்தபோது இந்த ஊர் வெயில் அவருடைய முழங்காலுக்கு ஒத்துக்கொண்டது. மனைவியும் போய்ச் சேர்ந்து வேலையும் முடிந்த பிறகு அவர் முதலில் குடியேறியது என்னவோ தாய்லாந்தில்தான். கடற்கரை, இளநீர், நல்ல சாப்பாடு, ஒன்றுக்கும் குறைவில்லை. ஆனால் தெருவுக்கு நாலு ரிடையரான வெள்ளைக்காரர்கள். காலையில் கதவைத் திறந்தால் இங்கிலாந்து மழையைப் பற்றிப் பேச ஒருவர் நின்றுகொண்டிருப்பார். இரண்டு வருடம் தாக்குப்பிடித்துவிட்டு, இன்னொரு வெள்ளைக்காரன் எட்டிப் பார்க்கவே வழியில்லாத இடம் எது என்று யோசித்திருக்கிறார். சேரப்பணஞ்சேரி நினைவுக்கு வந்திருக்கிறது.

துரை விடியற்காலை ஐந்தரைக்கு எழுவார். துடைப்பத்தில் ஒரு கம்பைக் கட்டி நீளமாக்கி, நிமிர்ந்து நின்றபடியே வாசல் பெருக்குவார். குனியாமல் பெருக்குவதைப் பார்ப்பதற்கென்றே முதல் மாதம் பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முட்டை வேக வைப்பார். தன் சட்டையைத் தானே துவைத்துத் தானே பிழிந்து கொடியில் போடுவார். ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு படப்பை மார்க்கெட்டுக்கு பஸ் ஏறுவார். புத்தகம் பார்த்துக் கற்ற தமிழ் என்பதால் கத்திரிக்காயைக்கூட மரியாதையாகத்தான் விசாரிப்பார். விற்கிற அம்மாள் அவருக்கு மட்டும் சொத்தை போடுவதில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சாம்பலும் தேங்காய் நாருமாகத் தட்டு தேய்ப்பார். சாயங்காலம் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்ப் பறவைகளை எண்ணிவிட்டு வருவார். எண்ணி யாரிடமும் ஒப்படைக்கிறதில்லை. சும்மா எண்ணுகிறதுதான்.

"வேலய வுட்டுட்டு வந்து பாத்திரம் தேய்க்கிறான். இதுக்கு வேலயிலயே இருந்து தொலைக்கலாமில்ல?" என்றார் கோதண்டம். "ஆம்பள பாத்திரம் தேய்க்கிற ஊர்ல மழ பேயாது எல்லப்பா, எழுதி வச்சிக்க. நான் ஒரு டம்ளர் கழுவினேன்னு நீ கேள்விப்பட்டா, இந்த சால்வைய எடுத்து உன் பாய்லர் தொடைக்கக் குடுத்துடறேன்."

சால்வை தோளிலேயே இருந்தது. சித்திரை வெயிலிலும் இருந்தது.

கோதண்டத்தின் மனைவி காந்திமதி இதையெல்லாம் கேட்டதில்லை. டீக்கடைப் பேச்சு கேட்க அவளுக்கு ஏது நேரம்? அவர் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தவரை காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரையாவது வீடு அவளுடையதாக இருந்தது. இப்போது பத்தரைக்குக் காபி, பன்னிரண்டுக்கு மோர், மூன்றுக்கு மறுபடி காபி, நாலரைக்கு "இந்தா, கொறிக்க இன்னா கீது?" ஒருவர் ரிடையரானதில் இன்னொருவருக்கு ஓவர்டைம் விழுந்தது.

அவள் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கும் துரையின் முக்காலிக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஏன் தொரை, நீங்கதான் ரிடையராய்ட்டீங்களே. அப்பறம் இன்னாத்துக்கு இந்த வேலையெல்லாம்?"

நார்மன் கையிலிருந்த தட்டைத் திருப்பிப் பார்த்தார். "தட்டு அழுக்காக இருக்கிறது, அம்மா."

மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று காந்திமதி நின்று பார்த்தாள். அவர் தட்டைத் தேய்த்தார்.

மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு நான்காம் நாள் கணவரிடம் போய் நின்றாள். "இன்னாங்க, நான் எப்போ ரிடையராவறது?"

சாய்வு நாற்காலியிலிருந்து பதில் வந்தது. "எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா குடு."

இது அவருடைய வழக்கம். மண்ணெண்ணெய் தீர்ந்ததையே எழுத்து மூலம் கேட்டவர். காந்திமதி ஆறாவது வரைக்கும் படித்தவள்; எழுத வரும், மனு எழுதத்தான் தெரியாது. ஆனால் வீட்டில் மாதிரி ஒன்று இருந்தது. நார்மன் இந்த நாட்டில் தொடர்ந்து தங்குவதற்குக் காஞ்சிபுரம் போலீஸ் ஆபீசுக்கு வருடா வருடம் மனுப் போட வேண்டும். அதை எழுதிக் கொடுப்பவர் கோதண்டம். கார்பன் நகல் அலமாரியில் இருந்தது. காந்திமதி அதை எதிரில் வைத்துக்கொண்டு எழுதினாள்.

"ஐயா, நான் மேற்படி கிராமத்தில் முப்பத்திரண்டு வருடமாக அமைதியாக வசித்து வருகிறேன். எந்த அரசியல் நடவடிக்கையிலும் ஈடுபட்டதில்லை. இந்தியாவில் சம்பளத்துக்கு எந்த வேலையும் பார்க்கவில்லை என்று உறுதி கூறுகிறேன். சமையல், பாத்திரம், துணி ஆகியவற்றிலிருந்து எனக்கு விருப்ப ஓய்வு அளிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கோதண்டம் படித்தார். மனு என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால் அதில் இருப்பது என்ன என்று அவர் பார்க்க மாட்டார். இல்லாதது என்ன என்றுதான் பார்ப்பார்.

"பொறந்த தேதி போடலியே."

"எனக்கு ஏதுங்க பொறந்த தேதி? அது இல்லாததாலதான் விருப்ப ஓய்வு கேக்கறேன்."

பிறந்த தேதி இருந்தால்தானே ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு தானாக வரும்? நியாயமாகத்தான் இருந்தது. "சரி, மூணு மாச நோட்டீஸ் எங்க? நெனச்சதும் போவ முடியுமா?" என்று திருப்பிக் கொடுத்தார். ஜூலை முதல் தேதியிலிருந்து மூன்று மாதம் என்று அவள் திருத்தி எழுதி வந்தாள். கோதண்டம் இரண்டு முறை படித்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. குறையில்லாத மனுவைக் கண்டால் கையெழுத்துப் போட அவருக்குக் கை துறுதுறுக்கும்.

இங்கேதான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். பச்சை மையில் கையெழுத்துப் போடுவது கெசட்டட் ஆபீசருக்கு மட்டும் உள்ள பாக்கியம். முப்பத்தைந்து வருடமாகக் கோதண்டம், தாசில்தார் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்து, பச்சை மை காயும்வரை பக்கத்தில் நின்றவர். தாசில்தாராகியிருந்தால் அவரும் போட்டிருக்கலாம். ஆகவில்லை. இப்போது தனக்கு மேலே யாருமில்லை. எதிரே சுத்தமான ஒரு மனு. படப்பைக்குப் போய்ப் பச்சைப் பேனா வாங்கி வந்தார். காலண்டர் தாளின் பின்பக்கம் நாலைந்து தடவை போட்டுப் பார்த்தார். பிறகு மனுவின் ஓரத்தில், 'ஒப்பளிக்கப்படுகிறது. 30.9.1991 பிற்பகல் முதல்' என்று எழுதி, கீழே நீளமாக ஒரு கையெழுத்து இழுத்தார். மூலத்தை மனைவியிடம் கொடுத்தார். நகல் ஒன்று எடுத்து அதிலும் பச்சையிலேயே போட்டு, டீக்கடைக்குக் கொண்டுபோனார்.

எல்லப்பன் ஈரக்கை படாமல் பார்த்தான். "கையெழுத்து சோக்கா கீது சார். ஆனா நெசமாவே குடுத்துட்டீங்களா?"

"அட, வூட்ல சும்மா ஒரு வெளையாட்டு."

"பச்ச மையில உளுந்துட்டா கடவுளே வந்தாலும் மாத்த முடியாதுன்னு நீங்கதான சார் சொல்வீங்க?"

கோதண்டம் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மழை ஏன் இன்னும் வரவில்லை என்பதற்குப் பேச்சை மாற்றினார். துரைதான் காரணம் என்று முடித்தார்.

செப்டம்பர் முப்பது வந்தது. காந்திமதி மத்தியானம் வரை வழக்கம்போல் எல்லா வேலையும் செய்தாள். கடைசியாக ஒரு வாணலி கேசரி கிளறினாள். பேச்சு வாக்கில் அடிப்பிடித்தது. பிற்பகல் ஆனதும் அடுப்பை அணைத்துக் கையைக் கழுவினாள். எதிர்வீட்டு மீனம்மாள் மாலையோடு வந்தாள். நார்மன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஓய்வு பெறுகிறவரை ஆபீசிலிருந்து வீட்டுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய் விடுவதுதானே முறை? காந்திமதிக்கு ஆபீசும் அதுதான், வீடும் அதுதான். ஆகவே கொல்லைக் கதவு வழியாக வெளியே அழைத்துப்போய், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, வாசல் கதவு வழியாக உள்ளே கொண்டுவந்து விட்டார்கள்.

விழாவுக்குத் தலைமை தாங்கச் சொன்னதும் கோதண்டத்தால் மறுக்க முடியவில்லை. மாலை போட்டார், நாலு வார்த்தை பேசினார். மனுதாரரின் முப்பத்திரண்டு வருட சேவையில் ஒரு நாள்கூடக் காபி தாமதமானதில்லை என்று அவர் சொன்னபோது மீனம்மாள் கை தட்டினாள். அன்பளிப்பு என்ன என்று எல்லாரும் பார்த்தார்கள். நார்மன் போய் சாய்வு நாற்காலியைத் தூக்கி வந்து கூடத்தின் நடுவில் போட்டார். காந்திமதி உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் காபி வரவில்லை. ஏழு மணிக்கும் வரவில்லை. கோதண்டம் கூடத்துக்கு வந்து பார்த்தார். மனைவி நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"காபி?"

"பேப்பர முடிச்சிட்டுத் தரேங்க" என்றாள். தருவதாகச் சொன்னது பேப்பரை.

"இந்தா, வெளையாட்டு போதும். நான் உத்தரவ ரத்து பண்றேன்."

"ஓய்வு தேதி தாண்டிடுச்சே. தாண்டினப்பறம் ரத்து பண்ணலாமுங்களா?"

பண்ண முடியாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். இதே கேள்வியோடு வந்த ஒருவரை அவரே இரண்டு வருடம் நடையாய் நடக்கவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"அப்போ சோறு?"

"எனக்கு மீனம்மா வூட்ல சொல்லிட்டாங்க. ரிடையரானவங்கள விருந்துக்குக் கூப்புடறது வழக்கமாச்சே."

மூன்று நாள் கோதண்டம் எல்லப்பன் கடையில் பன்னும் வடையுமாகக் காலம் தள்ளினார்.

"இன்னா சார், அம்மா ஊர்ல இல்லியா?"

"ஒடம்பு சரியில்ல."

"காலைல ஏரிக்கரைல பாத்தனே. தொரையோட பைனாகுலர வச்சிக்கினு நின்னாங்க. நல்லாத்தான் கீறாங்க." எல்லப்பன் பாய்லரைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். "இது வேற தொடைச்சி ரொம்ப நாளாவுது."

நான்காம் நாள் வடை வயிற்றுக்கு வேலை வைத்தது. கோதண்டம் வடையையும் விட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி வைத்துக் குடிக்கலாம். அரிசி இருந்தது, அடுப்பு இருந்தது. விழாவன்று புழங்கியதெல்லாம் தேய்க்காமல் கிடந்ததில், கழுவின பாத்திரம் ஒன்றுகூட இல்லை. கஞ்சிக்கும் அவருக்கும் நடுவே அந்தச் சால்வை சத்தியம் நின்றது.

காந்திமதி ஏரியிலிருந்து வந்தாள். "இன்னாங்க, இவ்ளோ பெரிய பறவை ஒண்ணு. அலகுக்குக் கீழ பை கட்டி வுட்டா மாரி கீது. முப்பத்திரண்டு வருசமா கூப்புடு தூரத்துல கீறேன், ஒரு நாளு போய்ப் பாத்ததில்ல."

நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தாள். பேப்பரின் ஓரத்தில் அவள் விரல்கள் தெரிந்தன. நுனிகளிலெல்லாம் சாம்பல் அரித்த வெடிப்பு. நாலு நாளில் லேசாக மூட ஆரம்பித்திருந்தது. கோதண்டம் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து மூலமாக எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள், நன்றாக விடிவதற்கு முன்பே கொல்லைப்பக்கம் போனார். ஜரிகை சால்வையைத் தலைக்கு முக்காடாகப் போட்டுக்கொண்டார். பஸ் ரோட்டிலிருந்து பார்க்கிறவன் யாரோ ஒரு பொம்பளை என்று நினைத்துக்கொள்ளட்டும். கேசரி வாணலி போட்டது போட்டபடி கிடந்தது. குந்தி உட்கார்ந்து, இரண்டு விரலால் அதைத் தன் பக்கம் இழுத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் துடைப்பச் சத்தம் நின்றது. நார்மனின் தலை தெரிந்தது.

"காலை வணக்கம், சார்."

"ம்."

சாம்பல் டப்பாவும் தேங்காய் நாரும் சுவர்மேல் வந்து உட்கார்ந்தன. "முதலில் தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும்" என்றது தலை.

"தெரியும்" என்றார் கோதண்டம். தெரியாது. ஊற வைத்தார்.

துடைப்பச் சத்தம் மறுபடி தொடங்கியது. அடிப்பிடித்தது பாதி கிளம்பிக்கொண்டிருந்தபோது வாணலியில் டப்பென்று ஒரு துளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. புரட்டாசி பாதியாகியும் எட்டிப் பார்க்காத மழை, ஏரிப் பக்கமிருந்து சடசடவென்று தென்னையோலைமேல் இறங்கி வந்தது.

"இன்னாங்க," உள்ளே நாற்காலியிலிருந்து காந்திமதி கேட்டாள், "மழ பேயுதா?"

கோதண்டம் வானத்தைப் பார்த்தார். முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தூறல்தான்" என்றார். வாணலியைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.