மூன்று முறை ஹார்ன்

முழங்காலில் கட்டியிருந்த ஐஸ் உருகிக் காலுறைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிப் போடக்கூடத் தோன்றாமல் டெக்லன் வாஸ்பர் கூட்ட அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே தலைமைக் குழு கூடியிருந்தது. கேப்டன் ஹேமிஷும் சக ஆட்டக்காரர்கள் மூன்று பேரும். பயிற்சியாளர் அந்த அறைப் பக்கமே வரமாட்டார். ஆட்டக்காரன் ஒழுங்கு தவறினால் ஆட்டக்காரர்களே கூப்பிட்டுக் கேட்பார்கள் என்பது இந்தக் கிளப்பில் வழிவழியாக வந்த ஏற்பாடு. பயிற்சியாளர் திட்டினால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம். கூட ஓடியவன் கேட்டால் அப்படி விட முடியாது. கேட்கட்டும், அதில் டெக்லனுக்கு ஆட்சேபம் இல்லை. என்ன தப்பு என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால் கொஞ்சம் தயாராகியிருப்பான். ஹேமிஷ் அனுப்பியது ஒரே வரி. திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வா, வீடியோ விஷயம்.

உள்ளே எந்த முகத்தோடு போவது என்பதுதான் இப்போது அவனுடைய பிரச்சினை. முகத்தால் வந்த வினை இது என்று மட்டும் அவனுக்குப் புரிந்திருந்தது.

ஏப்ரலில், நான்காவது ஆட்டத்தில், பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லாத இடத்தில் திரும்பினான். முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. தசைநாரை மாற்றி வைத்து ஏழு வாரம் ஆகிறது. இந்த வருஷம் முழுக்க மைதானம் கிடையாது. இந்த வருஷத்தோடு ஒப்பந்தமும் முடிகிறது. ஆகஸ்டில் கிளப்பின் பெரியவர்கள் உட்கார்ந்து யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவுசெய்வார்கள். ஆடுகிறவனுக்கு அவன் ஆட்டம் பேசும். ஆடாதவனுக்கு யார் பேசுவது? அவன் கிளப்பில் எப்படி நடந்துகொள்கிறான் என்று கேப்டனைக் கேட்பார்கள். கால் ஒடிந்தவனுக்கு நடத்தை ஒன்றுதான் ஆட்டம். இருபத்தாறு வயதில் அவனுக்கு ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து தவிர வேறு எதுவும் தெரியாது. அதனால் நன்றாக நடந்துகொண்டுவிடுவது என்று அவன் உறுதியாகத்தான் இருந்தான்.

முதல் மாதம் அந்த உறுதியோடு ஒரு கூட்டம் விடாமல் வந்து மூலையில் உட்கார்ந்தான். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பூட்ஸ் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் ஹேமிஷ் அவனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், "மச்சான், நீ வந்து உக்காந்தாலே எழவு வீடு மாதிரி ஆயிடுது. புதுசா வந்தவனெல்லாம் உன் காலையே பாத்துக்கிட்டிருக்கான். கொஞ்சம் தள்ளி இரு. ஊருக்குப் போ. நல்லாத் தின்னு, சிரிச்சுக்கிட்டு வா" என்றான். அன்பாகத்தான் சொன்னான். இருவரும் ஒரே வருஷம் கிளப்புக்குள் வந்தவர்கள்.

சொன்னதை அப்படியே செய்தான் டெக்லன், ஒரு எழுத்து பிசகாமல். போன சனிக்கிழமை அணிக்குப் பெர்த்தில் ஆட்டம். காயம்பட்டவர்கள் விமானம் ஏறத் தேவையில்லை. ஆட்டக்காரர்களின் நலம் பார்க்கும் பிப்பிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினான். பிசியோ மரீட், வழியில் இறங்கிக் காலை நீட்டிக்கொள் என்று மட்டும் சொன்னாள். வின்செல்சியில் இறங்கி நீட்டிக்கொண்டான். எல்லாம் முறைப்படிதான்.

கோலாக் என்கிற ஊருக்கு அப்பால் டெக்லன் குடும்பத்துக்குப் பால் பண்ணை. தம்பி ஃபின் ஊர் அணியின் பின்வரிசையில் ஆடுகிறான். மழை தூறிக்கொண்டிருந்ததால் யாரும் காரைவிட்டு இறங்கவில்லை. மைதானத்தைச் சுற்றி வேலிக்கு முகம் காட்டி கார்கள் நின்றன. கண்ணாடித் துடைப்பான்கள் ஆடிக்கொண்டிருந்தன. அப்பா ரஸ்ஸலின் வண்டியில் வானொலியில் பெர்த் ஆட்டம் ஓடியது. அங்கே அவனுடைய அணி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. அணைத்துவிடலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றான் டெக்லன். அணைத்தால் கூட்டாளிகளைக் கைவிட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்தான். அந்த நினைப்புதான் அவன் குடியைக் கெடுத்தது.

இரண்டு வருஷமாக ஒரு கோலைக்கூடக் கண்ணால் காணாத ஃபின், பந்தைப் பிடித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடிவந்து ஐம்பது மீட்டரிலிருந்து ஓங்கி ஒரு உதை விட்டான். பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போனது. ஊர் கோல் போட்டால் ஹார்ன் அடிக்க வேண்டும். அது அந்த ஊர்க் கைதட்டல். அப்பாவுக்கு ஒரு கையில் டீ, மறு கையில் சாஸ் வழியும் சிப்ஸ். டெக்லன் குறுக்கே சாய்ந்து மூன்று முறை ஹார்ன் அடித்தான். சுற்றியிருந்த எல்லாக் கார்களும் சேர்ந்து அலறின. அவன் வாயெல்லாம் சாஸ், வாயெல்லாம் சிரிப்பு. காயம்பட்ட பிறகு அவன் அப்படிச் சிரித்தது அன்றுதான். பக்கத்துக் காரிலிருந்த பெண் கண்ணாடியை இறக்கி அதைப் படம் பிடித்தாள். நல்லெண்ணத்தில்தான் பிடித்தாள். வீடியோவில் ஹார்ன் ஓய்ந்ததும் வானொலிக்காரரின் குரல் தெளிவாகக் கேட்டது. பெர்த்தில் வித்தியாசம் எண்பது புள்ளியைத் தாண்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார் அவர். டெக்லன் போட்டிருந்தது கிளப் ஜாக்கெட்.

ஞாயிறு மதியத்துக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். கிளப் தோற்றால் இவனுக்குக் கொண்டாட்டம் என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் ஃபின்னின் உதையைப் பற்றிப் பேசினார்கள்.

கதவு திறந்தது. டெக்லன் ஒரு நடுத்தரமான முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

இந்தக் கூட்டத்தில் யாரும் குற்றச்சாட்டைப் படிக்க மாட்டார்கள். தப்புச் செய்தவனே தன் தப்பைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் உணர்ந்தான் என்று அர்த்தம். டெக்லன் யோசித்து, காரில் ரொம்ப நேரம் உட்கார்ந்தது தப்பு என்றான். அது இல்லை என்றார்கள். கிளப் ஜாக்கெட்டை ஊர் மைதானத்தில் போட்டது தப்பு என்றான். ஜாக்கெட் போடலாம், நன்றாகப் போடு என்றார்கள். சிப்ஸ் தின்றது என்றான். ஹேமிஷ் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். சிரிப்பை அடக்குகிறானா கோபத்தை அடக்குகிறானா என்று டெக்லனுக்கு விளங்கவில்லை.

குழுவில் மூத்தவன் ஸாக். பெர்த்திலிருந்து கிழிந்த புருவத்தோடு வந்திருந்தான். ஐந்து தையல்.

"நாங்க அங்க செத்துக்கிட்டிருந்தோம் வாஸ். நீ ஹார்ன் அடிச்ச."

"என் தம்பி கோல் போட்டான்."

"பாத்தேன். நல்ல உதைதான்."

டெக்லன் ஹேமிஷைப் பார்த்தான். "சிரிச்சுக்கிட்டு வான்னு நீதானடா சொன்ன?"

"சொன்னேன். அப்ப சிரிக்கச் சொல்லல."

"சரி. அப்ப எப்ப சிரிக்கணும்?"

குத்தலாகக் கேட்கவில்லை அவன். உள்ளபடியே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். யாராவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் மனப்பாடம் செய்துவிடுவான். பயிற்சி நேரம், குடிக்கக் கூடாத நாட்கள், சிறுவர் முகாமில் எத்தனை மணிநேரம் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் எழுதித்தான் இருக்கிறது. இது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் தெரியவில்லையோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் அவனை மேலும் பயமுறுத்தியது.

தண்டனை ஒன்றும் இல்லை, வருகிற சனிக்கிழமை நம் கிளப் மைதானத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு வந்து எங்களோடு இரு என்று முடித்தார்கள். எங்கே இருக்க வேண்டும், அறைக்குள்ளேயா வெளியேயா என்று கேட்டான். அது உனக்கே தெரியும் என்றான் ஸாக்.

வராந்தாவில் ஹேமிஷ் பின்னாலேயே வந்து அவன் தோளைத் தொட்டான். "ஆகஸ்ட்ல என்னைக் கேப்பாங்க வாஸ். உன்ன வெச்சுக்கலாமா வேணாமான்னு. நான் என்னடா சொல்லட்டும்?"

மிரட்டுகிறானா, உதவி கேட்கிறானா? அவன் கண்ணில் தூக்கம் இல்லாததுபோலத் தெரிந்தது.

வீட்டுக்குப் போய் அப்பாவுக்குப் போன் செய்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பின்னால் மாடு கத்தியது. "நான் அடிச்சேன்னு சொல்லிடேன். என் வண்டிதான" என்றார். டெக்லனுக்கு அழுகை வந்தது. அழுகிற முகம் யாருக்கும் தெரியாது என்பதால் கொஞ்சம் அழுதான்.

சனிக்கிழமை கிளப் கோட்டு, கழுத்துப்பட்டி எல்லாம் அணிந்து ஆட்டக்காரர் வரிசையில் உட்கார்ந்தான். தொலைக்காட்சிக் கேமரா இரண்டு தடவை அவன் பக்கம் திரும்பியது. முதல் தடவை கன்னத்தில் கைவைத்திருந்தான். சட்டென்று எடுத்தான். இரண்டாவது தடவை கைதட்டினான், ஆனால் அப்போது பந்து எதிரணியிடம் இருந்தது. அவனுடைய இடத்தில் ஆடியவன் கிட் ஹாலரன், பத்தொன்பது வயது. கடைசி நிமிஷத்தில், எதிரணிக்காரன் உதைத்த பந்தின்மீது அப்படியே பாய்ந்து விழுந்து நெஞ்சால் தடுத்தான். நாலே புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். டெக்லன் துள்ளி எழுந்தான். முழங்கால் சுளீரென்றது. பையன் பிரமாதமாக ஆடினான் என்று மனசு நிறைந்தது. அதே மனசு, அவன் கொஞ்சம் சொதப்பியிருக்கலாம் என்றும் சொன்னது. இரண்டும் நிஜம். எதை வெளியே காட்டுவது?

கீழே ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போனான். உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், பிசியோ மேசைக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றான். ஜெயித்தால் ஆட்டக்காரர்கள் வட்டமாக நின்று தோளில் கை போட்டு கிளப் பாட்டைப் பாடுவார்கள். முதல் வெற்றி காண்கிறவனை நடுவில் நிறுத்தி ஆரஞ்சு நிற பானத்தைத் தலையில் கொட்டுவார்கள். கிட் நடுவில் நனைந்துகொண்டு நின்றான். சேறும் வியர்வையுமாக இருபத்திரண்டு பேர். டெக்லனின் கோட்டு நேற்றுதான் சலவையிலிருந்து வந்தது.

பாட்டு தொடங்கியது. எதிர்ப்பக்கம் நின்ற ஹேமிஷ், பாடிக்கொண்டே பக்கத்தில் இருந்தவன் தோளிலிருந்து இடது கையை எடுத்து அகல விரித்தான். வட்டத்தில் ஒரு ஆள் நிற்குமளவு இடம் பிறந்தது.

டெக்லன் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் தொலைக்காட்சிக்காரர் தோளில் கேமராவோடு காத்திருந்தார். எல்லா வெற்றியிலும் அவருக்கு இப்படித்தான் வழிவிடுவார்கள். ஹேமிஷ் இந்தப் பக்கம்தான் பார்த்தான். அவன் இமையெல்லாம் சேறு.

"நீங்க போறீங்களா, இல்ல நான் போகட்டுமா?" என்று கேமராக்காரர் மரியாதையாகக் கேட்டார்.

அவர்கள் பாட்டின் இரண்டாவது அடிக்கு வந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் தரையில் ஆரஞ்சுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹேமிஷின் கை இன்னும் அந்தரத்தில் விரிந்தபடியே இருந்தது.