சுகப்பிரியாவின் பெயருக்குக் கீழே

1.
இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் வனமாமலை. மண்ணூரில் என் பக்கத்து அறைக்காரன். நாங்குநேரியிலிருந்து வந்து, 2011-இல் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் கணினிப் பிரிவில் இருந்தான். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். மீதி என் தலையில்.

2.
முதல் தொடக்கம்: ‘பொறாமை என்பது ஒரு—’ (வேண்டாம். கட்டுரையாகிவிடும்.)

இரண்டாவது: வனமாமலைக்குப் பின்னால் வேலையில் சேர்ந்தவள் சுகப்பிரியா. ஆனால் லினக்ஸ் கணினிகளின் அமைப்புக் கோப்புகளைத் திருத்தும் அதிகாரம் அவளுக்குத்தான் கிடைத்தது. அவன் அவற்றைத் திறந்து படிக்கலாம். ஓர் எழுத்தை மாற்றிச் சேமிக்கப் போனால், அனுமதி இல்லை என்று திரை சொல்லும்.

“ரெண்டு பேரு கை வெச்சா கொயப்பம்பா. அவளாண்ட கேட்டுக்கோ” என்றார் மேலாளர் புருஷோத்தமன்.

(சுகப்பிரியாவைக் கர்வக்காரியாக எழுதிப் பார்த்தேன். பொய். தன் சாப்பாட்டில் அவனுக்கும் பங்கு வைப்பவள் அவள். அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது.)

3.
அக்கா கல்யாணத்துக்கு அவள் தூத்துக்குடி போயிருந்த நாளில் சர்வரின் முகவரி மாறியது. கணினிகள் பழைய முகவரியிலேயே அதைத் தேடின; உதிரிபாகங்களில் ஒட்டும் லேபிள் அச்சாகவில்லை, உற்பத்தி லைன் நின்றது. வனமாமலை போன் செய்தான். மேளச் சத்தத்துக்கு நடுவே தன் கடவுச்சொல்லையே சொல்லிவிட்டாள்.

“அண்ணே, மொதல்ல ஒரு நகல் எடுத்து வச்சுக்கிடுங்க.”

“எனக்குத் தெரியாதாக்கும்?”

“தெரியும்ணே. பயத்துல சொல்லுதேன்.”

அவள் பெயரில் நுழைந்து, பழைய முகவரி இருந்த ஒரு வரியைத் திருத்தினான். லைன் ஓடியது. புருஷோத்தமன் எட்டிப் பார்த்தார்.

“போன்லயே முட்சிட்டாளா? கில்லாடிப்பா அந்தப் பொண்ணு!”

4.
அவர் போனதும் இன்னொரு கோப்பைத் திறந்தான். யார் யாருக்கு அதிகாரம் என்று சொல்லும் கோப்பு. அதில் அவள் பெயர். இப்போது எதைச் செய்தாலும், செய்தவள் சுகப்பிரியா என்றே கணினி பதியும்.

அவள் பெயரை அழித்தான்.

(அப்படித்தான் எழுதியிருந்தேன். அவன் சொன்னது வேறு: அழித்தான், திரும்பப் போட்டான், கீழே தன் பெயரைச் சேர்த்தான்.)

5.
அவள் ஊரிலிருந்து வந்த அன்று புருஷோத்தமன் இருவரையும் கூப்பிட்டார்.

“இவன் பேரு எப்டி உள்ள வந்துச்சு? நீதான் சேத்தன்னு காட்டுது.”

சுகப்பிரியா திரையைப் பார்த்தாள். பிறகு வனமாமலையைப் பார்த்தாள்.

“ஆமா சார், நான்தான் சேத்தேன். அவருக்கும் வேணும்லா.”

இங்கேதான் வனமாமலை கதையை நிறுத்திவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினான். அவன் உண்மையைச் சொல்வதாக எழுதினேன். அதிலும் அவளைத் தோற்கடிக்கவே துடித்தான். பேசாமலிருப்பதாக எழுதினேன், அவள் போட்ட பிச்சை அது என்று வெந்தான். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

அவன் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். புருஷோத்தமன் உங்கள் பக்கம் திரும்புகிறார்.

“இன்னாப்பா, அவ சொல்றது நெஜமா?”