சுஜானி மொழிபெயர்க்காத வசனம்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திருகோணமலையில் ஒரு பல் மருத்துவரின் வாசலில். கன்னம் வீங்கிப்போய்ப் பக்கத்துக் கதிரையில் இருந்த சுஜானி, "அக்கா, கதைக்காமல் இருங்கோ" என்று தாதி இரண்டு தரம் சொல்லியும் கேட்காமல் முழுவதையும் சொல்லி முடித்தார்.

2.

கொட்டியார் குடாவின் நீலத்தில் அன்றைய காலை...

(வேண்டாம். குடா தன் பாட்டில் நீலமாக இருக்கட்டும்.)

துறைமுகத்துக்கு அருகே, மீனவர்களின் பிணக்குகளை விசாரிக்கும் அலுவலகம் ஒன்றில் சுஜானி மொழிபெயர்ப்பாளர். சிங்களம் வந்தால் தமிழ், தமிழ் வந்தால் சிங்களம், பன்னிரண்டு வருடமாக. கூட வேலைசெய்யும் ஒருத்தி கூப்பிட்டாளே என்று ஞாயிறுகளில் விகாரைக்குத் தியானத்துக்குப் போகத் தொடங்கியவருக்கு, அங்கே கேட்ட ஒரு விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறக்குமுன் ஐந்து கேள்விகள்: இது உண்மையா, இதமானதா, பயனுள்ளதா, இதற்கு இதுதான் நேரமா, அன்போடுதான் சொல்கிறேனா?

ஒரு மாதம் செய்து பார்ப்பதென்று முடிவெடுத்தார். முதல் வாரமே கணவர் ரஞ்சன் புதுச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து எப்படி என்று கேட்டார். உண்மை இருந்தது, இதம் இல்லை. சுஜானி பேசாமல் நின்றார்.

"என்னப்பா, சுகமில்லையோ?"

3.

மூன்றாம் வாரம் கிண்ணியா அலியாரும் தயாசேனவும், இரண்டு மீனவர்கள், அலுவலகத்துக்கு வந்தார்கள். அலியாரின் படகு, கடலில் விரித்திருந்த தயாசேனவின் வலையை என்ஜின் விசிறியால் கிழித்துவிட்டது. வழக்குப் பொலிஸுக்குப் போனால் அலியாரின் படகு மாதக்கணக்கில் கரையில் கிடக்கும்.

அலியார் மன்னிப்புக் கேட்டார். சுஜானி அதைச் சிங்களத்தில் சொன்னார். தயாசேன எழுந்து நின்று, அலியாரின் சனம் முழுவதையும் சேர்த்து இழிவாக ஒரு வசனம் சொன்னார். அலியாருக்குச் சந்தையில் மீன் விற்கிற அளவுக்குத்தான் சிங்களம். அவர் சுஜானியின் முகத்தைப் பார்த்தார்.

இதற்கு முன்பென்றால் சுஜானி, "அவருக்குச் சரியான மனவருத்தமாம்" என்று மழுப்பியிருப்பார். அது பொய். அப்படியே சொன்னால் அறை பற்றியெரியும்.

(என் முதல் பிரதியில் சுஜானி இந்த இடத்தில் ஒரு பக்கத்துக்குப் பேசினார். வாசித்துக் காட்டினேன். "நான் உப்பிடியெல்லாம் கதைக்கேல்ல" என்றார். வெட்டிவிட்டேன்.)

உண்மையில் சொன்னது இவ்வளவுதான்: "அலியார் காக்கா, அவர் ஒரு வசனம் சொன்னவர். அது உங்களை நோகடிக்கும். நான் அதைச் சொல்ல மாட்டன். ஆனா அவர் சொல்லேல்ல எண்டும் சொல்ல மாட்டன்."

அதையே சிங்களத்திலும் சொல்லிவிட்டு, தயாசேனவிடம் கேட்டார்: "கட்டாயம் சொல்லத்தான் வேணுமோ?"

விசாரணையை நடத்திய அதிகாரி மேசையில் தட்டினார். "மொழிபெயர்க்கிறதுதானே உங்கட வேலை?"

"ஓம் ஐயா. இதை ஏலாது."

தயாசேன மெல்ல உட்கார்ந்தார். "வேண்டாம்" என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், சிங்களத்தில்: "அது நானும் என்ர தம்பியும் சேர்ந்து கட்டின வலை. அவன் போன வருஷம் செத்துப்போனான்."

இதைச் சுஜானி ஒரு சொல்லும் குறையாமல் தமிழில் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டார்.

"இன்னாலில்லாஹ்" என்று இறந்தவனுக்காகச் சொன்னார் அலியார். பிறகு, "எனக்கு வல பொத்தத் தெரியும் எண்டு அவருக்குச் சொல்லுங்க புள்ள."

இரண்டு நாள் கரையில் இருந்து, ஆளுக்கொரு பக்கமாக, கிழிசலைப் பொத்தித் தைத்து முடித்தார்கள். தயாசேன பொலிஸுக்குப் போகவில்லை.

4.

இங்கேயே முடித்திருக்கலாம், அழகாகவும் இருந்திருக்கும். ஆனால் மறுவாரம் அந்த அதிகாரியிடமிருந்து சுஜானிக்கு ஒரு கடிதம் வந்தது: கடமையைச் செய்ய மறுத்ததற்கு எழுத்தில் விளக்கம் தரவும்.

அதிகாரி மனம் மாறியதாக ஒரு முடிவு எழுதினேன். நம்பமுடியவில்லை. வேலை போனதாக இன்னொன்று. சுஜானி வாசித்துவிட்டு, "வாயை வைக்காதேங்கோ, பலிச்சிடும்" என்றார்.

5.

"நீங்கள் எழுதுற ஆள்தானே, விளக்கத்தை எழுதித் தாங்கோ" என்று அவர் கேட்டதால், என்னால் முடிந்தது:

மதிப்புக்குரிய ஐயா, அன்று நான் கடமையைச் செய்ய மறுத்தேன் என்பது

மதிப்புக்குரிய ஐயா, நீங்கள் அந்த அறையில் இருந்திருந்தால் (இருந்தாரே!)

மதிப்புக்குரிய ஐயா,

இதற்குமேல் பேனை நகரவில்லை. கடதாசியை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு முன் வேண்டுமாம்.