மணல் வாளி

கையில் கொள்ளியோடு சிங்காரவேல் நின்றுகொண்டிருந்தான். அதிகாரி பேச்சை முடிக்கிற வழியாக இல்லை.

"அக்கினியை அடக்கிய சிங்கம் நம் சக்கரபாணி" என்று ஆரம்பித்தவர், சென்னையில் எரிந்த கிடங்குகள், நெய்வேலியில் தானாகவே புகையும் நிலக்கரிக் குவியல்கள் என்று எல்லாவற்றுக்குள்ளும் சிங்கத்தை அனுப்பிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை சிங்கத்தின் பெயர் சாரங்கபாணி ஆயிற்று. சிங்கத்தைச் சாய்த்தது நெருப்பில்லை. முந்தின நாள் டூட்டி முடித்து வந்து, மாரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வைகாசிக் காற்றில் கொள்ளி விரலை நோக்கி இறங்கியது.

"சார், அவுகளுக்குக் கை சுட்டுரப் போவுது" என்றான் மாடசாமி. தீயணைப்பு நிலையத்து ஆள். சிங்காரவேலின் அப்பா சக்கரபாணியிடம் தொழில் பழகியவன். அவன் காலடியில் சிவப்பு வாளி நிறைய மணல். எங்கே நெருப்பு வைத்தாலும் பக்கத்தில் வாளி இருக்கவேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அது அப்பாவின் சிதைக்கும் செல்லும் என்று நிலையத்து ஆட்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த வாளியைப் பார்க்காமல் இருக்கத்தான் சிங்காரவேல் வந்ததிலிருந்து பாடுபட்டான்.

நெய்வேலி நகரியத்தில் முதல் குவார்ட்டர்ஸ் எழும்பிய காலத்தில் வந்தவர் அப்பா. சும்மா இருக்கிற பிறவி இல்லை. பிளாக் பிளாக்காகப் போய், ஸ்டவ் பற்றிக்கொண்டால் ஈரச்சாக்கை எப்படிப் போடுவது என்று பெண்களுக்குச் செய்து காட்டுவார். சட்டையில் தீப்பிடித்தால் இப்படித்தான் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் தரையில் உருளவிடுவார். "எரியற நெருப்புக்கு மட்டும் முதுகு காட்டாதீங்க. அணையற வரைக்கும் பாத்துகினே நில்லுங்க" என்று முடிப்பார். எங்கே போனாலும் இதே கச்சேரி.

மகன் கல்யாணத்திலும் விடவில்லை. ஹோமம் வளர்க்கும்போது, பட்டுவேட்டியோடு வாளியைத் தூக்கிவந்து ஐயர் பக்கத்தில் வைத்தார். மேல்பட்டாம்பாக்கத்துச் சம்பந்திகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"என்ன மாமா, உங்கப்பாரு டூட்டியிலயா இருக்காரு?" என்றான் மைத்துனன் தெய்வசிகாமணி.

சிங்காரவேல் டைம் ஆபீஸ் கிளார்க், அதிலும் புதுமாப்பிள்ளை. கௌரவம் கொஞ்சமா? "மானத்த வாங்காதீங்கப்பா. அத எடுத்துகினு வெளிய போங்க" என்றான்.

அப்பா எடுத்துக்கொண்டு போனார். பந்தல் வாசலில் வாளியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடி நின்றார். கீழே வைத்திருக்கலாம், வைக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியதும் எல்லாரும் எழுந்து மறைத்துவிட்டார்கள். மகன் தாலி கட்டியதை அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம், "சாப்பாடு நல்லா இருந்துச்சுடா" என்றார். அவ்வளவுதான். மூன்று வருஷமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தப் பேச்சை எடுத்துவிடலாம் என்று சிங்காரவேல் நினைத்ததுண்டு. என்ன அவசரம், அப்பா எங்கே போய்விடப் போகிறார்.

கைதட்டல் கேட்டது. சுடுகாட்டில் தட்டலாமா என்று சிலர் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அதிகாரி ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

"திரும்பி நின்னு வைங்க" என்றார் வெட்டியான் கலியன். "வச்சிட்டுப் பின்னாடி பாக்காம போய்கினே இருக்கணும்."

முதுகுப் பக்கமாகக் கையை நீட்டி வைத்தான். சூடு பிடரியில் ஏறியது. எல்லாரும் நடந்தார்கள். மாடசாமியும் கூட்டாளிகளும் மட்டும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார்கள். சாஸ்திரத்துக்கும் பழுதில்லை, சட்டத்துக்கும் பழுதில்லை.

வேலியைத் தாண்டியதும் சிங்காரவேல் நின்றான்.

"மாடசாமி, அத இப்படிக் குடு."

"நான் தூக்கிட்டு வாறேன் அண்ணே. கனக்கும்."

"குடு."

வாங்கிக்கொண்டான். முன்னால் போன தெய்வசிகாமணி திரும்பி வந்தான். "வாங்க மாமா, குளிக்கணும். பின்னாடி பாக்கக் கூடாது."

"பாக்கல. நிக்கிறேன்."

தெய்வசிகாமணி வாளியைப் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

எதிரே ரோட்டில் புகையின் நிழல் அசைந்தது. சிங்காரவேல் வாளியை இடக்கைக்கு மாற்றினான். கொஞ்ச நேரம் கழித்து, வலக்கைக்கு.