பிடிக் குமிழில் ஒரு பொட்டு

"ரத்தமாம்ல, ரத்தம்! வாய் கூசல உனக்கு?"

ஜெயம்மாவின் குரல் ரங்கூன் க்யிம்யிண்டைங் சந்தையின் மீன் வரிசை வரை கேட்டது. பழம்பொருள் கடை தேவராஜ் கையிலிருந்த பேஸ்பால் மட்டையைக் கீழே வைக்காமலே சிரித்தான். எதிரே பர்மிய மொழி தெரிந்த ஒரு ஜப்பான்காரர், வாங்கும் ஆசையோடு நின்றார்.

"அக்கா, யாவார நேரம். அப்புறம் பேசலாம்."

"அவர்கிட்ட பர்மாப் பாஷைல என்ன சொன்னே? வெள்ளைக்காரன் காலத்துக் கைதி செஞ்சதுன்னியே, தூக்குல போட்ட கொலைகாரன்னியே!"

சொன்னான்தான். தேவராஜின் கடையில் போன மாதம் செய்த நாற்காலிக்கும் நூறு வயது. ரங்கூனில் பேஸ்பால் ஆடுபவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். யாரோ கேட்டுச் செய்து, யாரும் எடுக்காமல் சிறைப் பட்டறையில் கிடந்து, ஏலத்தில் வந்த மட்டைகள் அவை. தேயிலைச் சாயம் பூசிப் பழசாக்கினான். பிடிக் குமிழில் காய்ந்திருந்த சிவப்புக்கு ஒரு கொலையையும் சேர்த்துவிட்டான். தமிழன்தான், பொட்டைப் பார்த்தால் தெரியாதவனில்லை.

ஜெயம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆயுத பூஜைக்கு அவளே பொட்டலம் கட்டிச் சிறைக்குக் கொடுத்தனுப்பிய குங்குமம். அங்கே கைதியாய்க் கடைசல் பட்டறையில் இருந்த அவள் புருஷன் அப்பாசாமி, இயந்திரத்துக்கு வைத்தது போக, செய்து முடித்த மட்டைகளுக்கும் வரிசையாகப் பொட்டு வைத்தார். பார்க்கப் போனபோது பெருமையாகச் சொன்னார். இரண்டு இலக்கக் கள்ள லாட்டரிச் சீட்டு எழுதி மாட்டியவர். கோழி அறுத்தால் கண்ணை மூடிக்கொள்பவர்.

ஆனால் ஊரைப் பொறுத்தவரை அவர் அந்தச் சிறைக் காலத்தில் பினாங்கில் வேலையில் இருந்தார். ஜெயம்மா அப்படித்தான் பரப்பியிருந்தாள். மகள் ரேவதியை விஜயாவின் மகன் விவேக்குக்குப் பேசி, அடுத்த வாரம் நிச்சயம். அதுவரை வாயைக் கட்டினால் போதும். பல்லைக் கடித்தாள்.

தேவராஜ் விட்டானா? குமிழைத் தடவி, "மூன்று பெண்களைக் கொன்றவன்" என்று பர்மியத்தில் மறுபடி ஆரம்பித்தான்.

"அடப்பாவி! அது எம் புருஷன் வச்ச பொட்டுடா! ஜெயில்லயும் சாமிய மறக்காத மனுஷன்டா! அவரையாடா தூக்குல போட்டே?"

ஆத்திரம் வந்தால் ஜெயம்மாவுக்குத் தமிழ்தான் வரும். ஜப்பான்காரருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. செத்தவர்களின் சொந்தக்காரி என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து வணங்கிவிட்டு இரண்டு மட்டையாக வாங்கிப் போனார். விளங்கியது, பக்கத்தில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த விஜயாவுக்கு.

"ஏன் சம்பந்தி, பினாங்குன்னீங்க? அங்க ஜெயில்லதான் உத்தியோகமா?"

"இந்த ஊரு ஜெயில்லதான்! சீட்டு எழுதினாரு, கொலை செய்யல. போயி தெருத்தெருவாச் சொல்லு!"

விஜயா ஒரு தெருவையும் விடவில்லை. நிச்சயம் நின்றது. விவேக்குக்குப் பீகு ஊரில் பெண் எடுத்தார்கள்; அவனும் மாமனார் வீட்டோடே போய்விட்டான். ரேவதி, லைங் தாயா பேட்டைத் தையல் ஆலை பஸ்ஸை ஓட்டிய பர்மியப் பையனைக் கட்டிக்கொண்டு த்வாண்டே ஊருக்குப் போனாள். தேவராஜ் மட்டும் எங்கும் போகவில்லை.